பறவையின் குருத்திறகு ஒடிந்து ரத்தம் வந்தால் என்ன செய்வது?

கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் பட்ஜி என்ற சிறு கிளிக்கும், கொண்டை வைத்த காக்டெய்ல் (cockatiel) கிளிக்கும் வரும் அவசரங்களில் இது முக்கியமானது. புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்த ஓட்டம் இருக்கும். இறகு முழுதாக வளர்ந்ததும் ரத்தம் வற்றி, தண்டு வெளுத்துவிடும். அதற்கு முன்பு தண்டு கருநீலமாகத் தெரியும். அந்த நிலையில் ஒடிந்தால்தான் ரத்தம் கொட்டும். பெரும்பாலும் சிறகின் நீண்ட இறகுகளிலோ வாலிலோ இது நடக்கும்.

எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து? பறவையின் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ரத்தம். 35 கிராம் பட்ஜிக்கு மொத்தமே மூன்றரை மில்லிதான். நல்ல உடல்நிலையில் இருக்கும் பறவை அதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கும். பட்ஜிக்கு ஏறக்குறைய 7 சொட்டு, 90 கிராம் காக்டெய்லுக்கு 18 சொட்டு. கூண்டெல்லாம் தெறித்துக் கிடந்தால் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். பதறாமல் சொட்டுகளைக் கணக்குப் பாருங்கள்.

1. பிடிப்பது

விளக்கைக் குறைத்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். துரத்தினால் ரத்த அழுத்தம் ஏறி இன்னும் கொட்டும். மெல்லிய பருத்தித் துண்டால் ஒரே முறையில் மூடிப் பிடியுங்கள். தலையின் இரு பக்கமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்கட்டும். மார்பை மட்டும் அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். இறுக்கிப் பிடித்தால் ரத்தம் போய்ச் சாவதற்கு முன்பே மூச்சு நின்று செத்துவிடும்.

2. அழுத்துவது

ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சிறகை மெதுவாக விரித்து, ஒடிந்த இறகைத் தேடட்டும். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் ரத்தத்தை ஒற்றினால் இடம் தெரியும். வெந்நீர் வேண்டாம், ரத்தக் குழாய் விரியும். ஒடிந்த முனையில் கார்ன்ஃப்ளாரை ஒரு சிட்டிகை அப்பி, அதன்மேல் காஸ் துணியை வைத்து 3 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கார்ன்ஃப்ளார் இல்லாவிட்டால் கோதுமை மாவும் போதும். நகம் வெட்டும்போது வரும் ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர் இருந்தால் தண்டின் முனையில் மட்டும் வையுங்கள். தோலில் பட்டால் எரிக்கும்.

நம் வீடுகளில் முதலில் கை போவது காப்பித்தூளுக்கு. தயவுசெய்து வேண்டாம். பறவை அலகால் கோதி விழுங்கும். காஃபின் அதற்கு நஞ்சு. டெட்டால், எண்ணெய், களிம்பு, மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் கூடாது.

3. இறகைப் பிடுங்கலாமா?

உடனே பிடுங்கச் சொல்லும் பழைய அறிவுரையை அப்படியே பின்பற்றாதீர்கள். சிறகின் நீண்ட இறகுகள் எலும்போடு ஒட்டியவை. தவறாக இழுத்தால் எலும்பு முறியும், இறகு முளைக்கும் குழி சிதையும், வலியும் கடுமை. ரத்தம் நின்றுவிட்டால் அந்த இறகைத் தொடவே வேண்டாம். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால், அழுத்தியபடியே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிடுங்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

4. பிறகு

சிறிய கூண்டிலோ காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியிலோ தனியாக வையுங்கள். அடியில் வெள்ளை டிஷ்யூ காகிதம் விரித்தால் புதுச் சொட்டு விழுந்தால் உடனே தெரியும். தினை, தண்ணீர் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஏறி விளையாட எதுவும் வேண்டாம். 28 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். கோடையில் நம் அறையிலேயே அது கிடைக்கும், பல்பு தேவையில்லை. வாயைத் திறந்து சிறகை விலக்கி நின்றால் சூடு அதிகம் என்று பொருள். முதல் 2 மணி நேரம் அடிக்கடி பாருங்கள், மறுநாள்வரை குளிக்க விடாதீர்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால், மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், கால் வெளுத்தால், ரத்தம் நின்றிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுபடி வராமலிருக்க

காக்டெய்ல் இருட்டில் மிரண்டு கூண்டில் மோதும். பல்லி ஓடினாலும் போதும், தீபாவளி வெடி பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறு இரவு விளக்கு எரியட்டும். சிறகு வெட்டும் பழக்கமும் ஒரு காரணம்: சுற்றியுள்ள இறகுகள் இல்லாததால் புதுக் குருத்து தாங்கலின்றி நீட்டிக்கொண்டு ஒடிகிறது. வெட்டாமலிருப்பதே நல்லது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வோர் இறகையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருநீலத் தண்டு தெரிந்தால் அதையும் அதன் இரு பக்கத்து இறகுகளையும் விட்டுவிடுங்கள்.