பணத்தை எண்ணும் முன் போனை உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்யச் சொல்லுங்கள்

திண்டுக்கல்லில் செல்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்து 14 ஆண்டுகள் ஆகின்றன. உடைந்த திரை, உப்பிய பேட்டரி, தண்ணீரில் விழுந்த போன் என்று எது வந்தாலும் கை தயங்காது. மேசையில் ஒரு போனை வைத்துவிட்டு, "இதன் லாக்கை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்று ஒருவர் நிற்கும்போதுதான் மனம் கனத்துப்போகிறது.

போன வருடம் அப்படி நின்றவர் ஒரு கொத்தனார். கல்லூரியில் சேரும் மகளுக்காக 7,500 ரூபாய்க்குப் பழைய போன் ஒன்று வாங்கியிருந்தார். சிமென்ட் படிந்த விரல்களால் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எடுத்து வைத்தார். ஒரு கீறல்கூட இல்லை. இயக்கினேன். மொழியைக் கேட்டது, வைஃபையைக் கேட்டது, அதோடு நின்றுவிட்டது. இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடுத்தால்தான் மேலே போக முடியும் என்றது. "வாங்கும்போது நல்வரவு என்று வந்ததே தம்பி? புதிதுபோல அழித்து வைத்திருக்கிறேன், வீட்டுக்குப் போய் வைஃபை போட்டுக்கொள்ளுங்கள் என்றாரே" என்றார். விற்றவரின் எண் அன்று காலையிலிருந்தே அணைந்து கிடந்தது.

அந்த நல்வரவுத் திரையை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். போனை அழிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செட்டிங்ஸ் வழியாக உள்ளே போய் ரீசெட் செய்வது. அப்போது போன் பேட்டர்னையோ பின் எண்ணையோ கேட்கும். சரியாகப் போட்டால் கணக்கையும் சேர்த்து விட்டுவிடும். மற்றொன்று, போனை அணைத்துவிட்டு பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்திப் பிடித்து வெளியிலிருந்து அழிப்பது. பேட்டர்ன் தெரியாதவர் செய்வது இதைத்தான். படங்களும் எண்களும் போய்விடும், ஆனால் பழைய சொந்தக்காரரின் கணக்கைப் போன் மறக்காது. நாங்கள் எஃப்.ஆர்.பி. லாக் என்று சொல்வது இதுதான். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்தது. ஐபோனில் இதே காவல் 2013-இல் ஐ.ஓ.எஸ். 7-உடன் வந்தது, கடைகளில் அதை ஐகிளவுட் லாக் என்பார்கள். இந்தப் பூட்டுகள் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். திருடியவனுக்கு அந்தப் போன் வெறும் கல்லாக வேண்டும் என்றுதான் இவற்றைச் செய்தார்கள்.

ஆகவே, பழைய போன் வாங்கப் போனால், ஏற்கெனவே அழித்து வைத்த போனை வாங்காதீர்கள். விற்பவரின் படங்களும் கணக்கும் உள்ள நிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். திரையைத் திறப்பது அவர் கையாக இருக்க வேண்டும். பேட்டர்ன் போட அவர் தடுமாறினாலோ, "தம்பியின் போன், அவன் ஊரில் இல்லை" என்றாலோ அங்கேயே எழுந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டாக இருந்தால், செட்டிங்ஸில் உள்ள கூகுள் கணக்கை அவரே நீக்கி, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்ய வேண்டும். ஐபோனாக இருந்தால் அழிக்கும்போது அவருடைய ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அவர் அதைப் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

பிறகு உங்கள் முறை. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அழித்த போனை இணையத்தில் இணையுங்கள். இணையம் இல்லாமல் சோதித்தால் அது சோதனையே அல்ல. உங்கள் ஜிமெயிலைப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை போங்கள். உங்கள் சிம்மைப் போட்டு யாருக்காவது பேசிப் பாருங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகலாம். அவசரம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால் அவர் பஸ்ஸைப் பிடிக்கட்டும். பணம் உங்களிடமே இருக்கட்டும்.

அடுத்தது ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போனில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண்கள்தானா என்று ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பாருங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடையில் புள்ளியில்லாமல் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்க வேண்டாம். ஆனால் ஒன்று: இன்று சுத்தமாகக் காட்டும் எண் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. நேற்று பறிகொடுத்தவர் நாளைதான் புகார் கொடுப்பார். புகார் பதிவாகி எண் முடக்கப்பட்டால், எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் நாட்டுக்குள் அந்தப் போன் வேலை செய்யாது. அதில் யாருடைய சிம் ஏறியது என்பதும் காவல்துறைக்குத் தெரியும். அதனால்தான் பில்லைக் கேட்கிறேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. "எண்ணையே மாற்றித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் கிட்டே போகாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அதற்கு மூன்று ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம்.

இப்போது என் மேசைக்கு அதிகமாக வருவது மூன்றாவது வகை: தவணை போன். கடனில் வாங்கி, நான்கு தவணை கட்டிவிட்டு, மீதியை மறைத்து விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் கையில் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடும். ஒரு நாள் திரை முழுக்க "தவணை பாக்கி" என்று வந்து பூட்டிக்கொள்ளும். இதை ரீசெட் செய்தும் பயனில்லை. கடன் கொடுத்தவரிடம் போனின் ஐ.எம்.இ.ஐ. எண் பதிவாகி இருப்பதால், இணையம் கிடைத்ததும் பூட்டு திரும்ப வந்துவிடும். பில்லில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். உங்கள் கணக்கைப் போட்டு முடித்தபின், இந்தப் போன் ஏதோ ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருப்பதாகச் செட்டிங்ஸில் எங்காவது வந்தாலும் வேண்டாம். அலுவலகம் கொடுத்த போனை விற்பவர்களும் உண்டு.

பணத்தை யு.பி.ஐ.யில் கொடுங்கள், தடயம் இருக்கும். ஒரு தாளில் தேதி, தொகை, இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், விற்பவர் பெயர், கையெழுத்து. அது போதும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: விற்றவர் கிடைத்தால், ஐபோன் என்றால் அவர் எங்கிருந்தாலும் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து தன் கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்க முடியும். ஆண்ட்ராய்டு என்றால் அவரை நேரில் வரவழைத்து, போனிலேயே கணக்கைப் போடச் சொல்லுங்கள். முதல் பில் கையில் இருந்தால் அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால், காசு வாங்கிக்கொண்டு திறந்து கொடுக்கும் கடைகளைத் தேடாதீர்கள். அந்தப் போன் பேருந்தில் யாரோ ஒரு பெண் பறிகொடுத்ததாக இருக்கலாம்.

கொத்தனாரிடமும் இதைத்தான் சொன்னேன். சிறிது நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பெண்ணுக்கும் ஓர் அப்பா இருப்பார் அல்லவா" என்றார். பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த எண்களை ஒரு பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். கடையை அடைத்துவிட்டு அவரோடு காவல் நிலையத்துக்குப் போனேன். போனை ஒப்படைத்து, புகார் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மணி எட்டரை.