சார்ஜர் பிளக் கொதித்தது: 16 ஆம்பியர் சாக்கெட்டைச் சரிசெய்த விதம்

மின்சார காருக்கு 3.3 கிலோவாட் சார்ஜரைப் போட்டு ஒரு மணி நேரத்தில் பிளக்கில் கை வைக்க முடியவில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் நியூட்ரல் திருகு அரைச் சுற்று லூஸ். அங்கே வயர் உறை பழுப்பேறியிருந்தது. கீசர் கொஞ்ச நேரத்தில் கட் ஆகிவிடும். காரோ ஏழெட்டு மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். லூஸான இடம்தான் முதலில் கருகும்.

சாக்கெட்டை மட்டும் மாற்றுவது வீண். மெயின் போர்டிலிருந்து வேறெங்கும் கிளை பிரியாமல் 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). ஆர்சிசிபி 'ஏ' டைப்பாக இருக்கட்டும். கடையில் சும்மா நீட்டும் 'ஏசி' டைப், கார் சார்ஜரில் வரக்கூடிய துடிக்கும் டிசி (ஒரே திசையில் ஏறி இறங்கும் மின்னோட்டம்) கசிவைக் கவனிக்காமல் விடலாம். வயர் நுனியை முறுக்கிச் செருகாமல் பின் லக் (ஊசி போன்ற உலோக முனை) போட்டு கிரிம்ப் செய்யச் சொன்னேன், அதாவது கருவியால் இறுக நசுக்கச் சொன்னேன். வயர்மேன் முனகினார், செய்தார்.

பிறகும் சார்ஜரில் சிவப்பு விளக்கு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 11 வோல்ட் காட்டியது. எர்த் குழி காய்ந்து, கிளாம்ப் துருப்பிடித்திருந்தது. கிளாம்பை மாற்றி, குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது, விளக்கு பச்சை. இப்போது பிளக் வெதுவெதுப்புதான்.