லெக்சரர் வேலையில இருந்துக்கிட்டு அரசியல் பேச இறங்குறவங்களுக்கு

யூனியில, அதாவது பல்கலைக்கழகத்துல, பாடம் எடுக்கிறவங்க பொது விஷயத்துல வாய் தொறக்கக் கூடாதுன்னு சொல்றவங்க இங்க மலேசியாவுல, பினாங்குல நெறைய பேர், எனக்கு அதுல உடன்பாடே இல்ல, நம்ம பிரச்சனைய ஆதாரத்தோட பேச ஆளு பத்தல, அதனால இறங்கணும்னு நெனைக்கிறவங்க தாராளமா இறங்குங்க, ஆனா கொஞ்சம் தயார் பண்ணிக்கிட்டு இறங்குங்க.

மொதல்ல வேலைக் கடிதத்த எடுத்துப் பாருங்க, நிரந்தரமா கான்ட்ராக்டா? பேராசிரியர் ராமசாமி யுகேஎம்ல (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) அரசியல் பாடம் எடுத்துக்கிட்டே வெளிய துணிஞ்சு பேசுனவரு, 2005ல அவர் கான்ட்ராக்ட நீட்டிக்கல. அரசாங்க யூனின்னா 2000ல வந்த 605ஆம் சட்டம் இருக்கு, கட்சி வேலைக்கும் பொது அறிக்கைக்கும் கட்டுப்பாடு அதுலதான், டீன் சிரிச்சுக்கிட்டே சரின்னு சொன்னாலும் எழுத்துல வாங்கி வச்சுக்குங்க. சொந்தத் துறையில பேசுனா ஆபத்தில்லன்னும் நெனைக்காதீங்க, மலாயா பல்கலைக்கழகத்துல சட்டம் சொல்லிக் குடுத்த அஸ்மி ஷாரோம் சட்டக் கருத்து சொன்னதுக்கே 2014ல தேச நிந்தனைச் சட்டத்துல கேஸ் போட்டாங்க, 2016லதான் கேஸ வாபஸ் வாங்குனாங்க. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் நம்பர் போன்ல இருக்கணும்.

அடுத்தது எழுத்து, இதுலதான் நம்மாளுங்க கோட்டை விடுறாங்க. தீசிஸ அப்படியே சுருக்கி பேப்பருக்கு அனுப்பாதீங்க. "மூலதன உறவுகளின் மாற்றம்"னு ஆரம்பிச்சா பட்டர்வொர்த்துல பேப்பர் வாங்குறவரு அடுத்த பக்கம் போயிடுவாரு. தோட்டத் தொழிலாளி பத்தி எழுதுறீங்கன்னா, தோட்டத்த வித்தா வேலையோட வீடும் சேர்ந்து போகுது, ஏன்னா அவங்க இருக்குற லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தோடது, இத மொத வரியில வைங்க, அப்புறம் சம்பளத்துக்கு வாங்க: 2013ல தீபகற்பத்துல குறைஞ்சபட்ச சம்பளம் மாசம் 900 வெள்ளி (ரிங்கிட்), 2025ல 1,700, அந்தக் காசுல இன்னிக்கு பிறையில ஒரு குடும்பம் வாடகை கட்டி எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க. ஒரு கட்டுரைக்கு ஒரு விஷயம் போதும். இங்கிலீஷ்ல எழுதுனா தமிழ்லயும் எழுதுங்க, யாரப் பத்தி எழுதுறீங்களோ அவங்க படிக்கணும்ல.

மண்டபக் கூட்டத்துக்குப் போனா நீங்க கொள்கை பேசி முடிச்சதும் ஒரு அக்கா எந்திரிச்சு "அதெல்லாம் சரி சார், என் மவனுக்கு எப்ப ஐசி கெடைக்கும்?"னு அடையாள அட்டையப் பத்திக் கேப்பாங்க. கண்டிப்பா கேப்பாங்க. வயசு வரம்புக்குள்ளன்னா அரசியலமைப்புச் சட்டம் 15ஏ பிரிவுல குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பொறப்புப் பத்திரம் இருக்கா, அதுல அப்பா அம்மா விவரம் எப்படிப் பதிஞ்சிருக்குன்னு நின்னு பொறுமையா கேளுங்க, முடிஞ்சா ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) வரைக்கும் கூடப் போங்க. அடுத்த கட்டுரைக்கான விஷயம் அங்கதான் கெடைக்கும்.

கட்சிதான் வழின்னு இல்ல. சந்திரா முசாபர் யுஎஸ்எம்ல (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பாடம் எடுத்துக்கிட்டு இருந்தப்பவே 1977ல இங்க பினாங்குல அலிரான்னு ஒரு சமூக சீர்திருத்த இயக்கம் ஆரம்பிச்சாரு, கட்சிக்குப் போனது 1999லதான். ராமசாமி 2008ல டிஏபி கட்சியில நின்னு பிறை சட்டமன்றத் தொகுதி, பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதி ரெண்டும் ஜெயிச்சு 2023 வரைக்கும் பினாங்கு துணை முதல்வரா இருந்தாரு, அந்த வருஷத் தேர்தல்ல சீட் இல்லன்னதும் கட்சிய விட்டு வெளிய வந்து உரிமைங்குற கட்சிய ஆரம்பிச்சாரு. பதவி போயிடும், ஆனா அவர் கையில தோட்டத் தொழிலாளர் ஆராய்ச்சி இருந்துச்சு, உங்களுக்கும் அப்படி ஒரு துறை கையில இருக்கட்டும், வாரம் ரெண்டு மணி நேரமாவது புதுத் தகவல் படிங்க.

கட்சியில சேந்துட்டா கட்டுரை அடியில பேருக்குப் பக்கத்துல கட்சிப் பேரப் போட்டுடுங்க, "அரசியல் ஆய்வாளர்"னு மட்டும் போட்டுக்கிட்டு டிவியில ஒக்காராதீங்க.