சிங்கப்பூர் டு நியூயார்க்: ஃப்ளைட் தூரமும் நேரமும் நீங்களே கணக்கு போடலாம்

ரெண்டு ஊருக்கு நடுவுல ஃப்ளைட் எவ்ளோ நேரம்னு தேடினா ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க. உலகத்துலயே ரொம்ப நீளமான நான்ஸ்டாப் ரூட்ல ஒண்ணான சிங்கப்பூர் - நியூயார்க்கை எடுத்துக்கிட்டு போட்டுப் பாருங்க, அப்புறம் எந்த ஊருக்கும் போடலாம்.

முதல்ல தூரம். சுவத்துல தொங்குற மேப்ல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, பூமி உருண்டை. வீட்ல குளோப் இருந்தா ரெண்டு ஊர் மேலயும் ஒரு நூலை இழுத்துப் பிடிங்க, நூல் கிட்டத்தட்ட வடதுருவம் மேலயே போகும்! ஏன்னா சிங்கப்பூர் தீர்க்கரேகை 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 மேற்கு, கூட்டினா 178, அதாவது ரெண்டும் பூமியோட எதிரெதிர் பக்கம். அதனால கணக்கு ரொம்ப ஈஸி, 90லேர்ந்து ஊரோட அட்சரேகையைக் கழிச்சா துருவத்துலேர்ந்து சிங்கப்பூர் 88.6 டிகிரி, நியூயார்க் 49.4, மொத்தம் 138, ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், பெருக்கினா 15,300 சொச்சம். வேற ஊருங்களுக்கு இவ்ளோ சுலபமா வராது, கூகுள் மேப்ஸ்ல தூரம் அளக்குற ஆப்ஷனே போதும்.

இப்ப நேரம். பெரிய ஃப்ளைட் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் போகும், வகுத்தா 17 மணி. மேல ஏற, இறங்க, ரன்வே வரைக்கும் ஊர்ந்து போகன்னு ஒரு மணி நேரம் சேர்த்துக்கோங்க. ஆனா டிக்கெட்ல பதினெட்டரைக்கு மேலயே போட்டிருக்கும், அதுக்குக் காரணம் நிஜ ஃப்ளைட் அந்த நூல் மாதிரி போறதில்ல. மேல மேற்குலேர்ந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து, குளிர்காலத்துல 200 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும், அந்தக் காத்தைப் பிடிக்க பசிபிக் வழியா சுத்திப் போனாலும் லாபம்தான்.

இந்த நான்ஸ்டாப்புக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டுற ஏ350-900யூஎல்ஆர்ங்கற ஏர்பஸ் ஃப்ளைட்ல மொத்தமே 161 சீட், எக்கானமி கிடையாது. எக்கானமி வேணும்னா ஃப்ராங்ஃபர்ட்ல நின்னு போகலாம். தூரம் 16,500 தான், ஆயிரத்து சொச்சம்தான் கூட, ஆனா நேரம் 23, 24 மணி ஆயிடும். அதனால ஸ்டாப் இருந்தா தூரத்தைப் பாக்காதீங்க, மொத்த மணி நேரத்தைப் பாருங்க.

நிறைய பேர் குழம்புறது தேதியிலதான். நியூயார்க் சிங்கப்பூரை விட குளிர்காலத்துல 13 மணி நேரம் பின்னாடி, மார்ச் ரெண்டாவது ஞாயிறுலேர்ந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் 12. இறங்குற நேரத்தைக் கிளம்புற ஊர் டைம்லயே போட்டுட்டு, கடைசியா வித்தியாசத்தைக் கழிங்க. ஜூலைல திங்கள் ராத்திரி 12 மணிக்கு, அதாவது செவ்வாய் பொறக்குறப்போ கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தா சிங்கப்பூர் டைம் செவ்வாய் சாயங்காலம் ஆறரை, 12 கழிச்சா நியூயார்க்ல செவ்வாய் காலைல ஆறரை. திரும்பி வர்றப்போ கூட்டணும். திங்கள் ராத்திரி பத்தரைக்கு நியூயார்க்ல ஏறினா சிங்கப்பூர்ல இறங்குறது புதன் காலைல அஞ்சு மணி, அதனால புதன்கிழமை ஆபீஸ் மீட்டிங் எதுவும் வச்சுக்காதீங்க, ஏர்போர்ட்டுக்கு வர்றவங்ககிட்டயும் புதன்னே சொல்லி வைங்க.