சொட்டாத டீசல், நின்றுபோன ஜீப்

போடிமெட்டு ஏற்றத்தில் மூன்றாவது முறையாக என் பழைய டீசல் ஜீப் நின்றபோது, கூட வந்தவர்கள் டீசல் பம்ப் போச்சு, கழற்றிக் கொடுத்துவிடு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். கையால் டீசலை ஏற்றிவிடும் பிரைமரை நாலு தடவை அடித்தால் ஸ்டார்ட் ஆகும், அரை கிலோமீட்டரில் இருமி நிற்கும். எனக்கென்னவோ சந்தேகம்.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி பானெட்டுக்கு மேலே கட்டி, டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு கேனிலிருந்து நேராக, டீசலை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பும் ஃபீட் பம்புக்குக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் இருமாமல் ஓடியது. சரி, பம்ப் மேல் குற்றமில்லை. டேங்க் குழாயைத் திரும்ப மாட்டி, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்துப் பார்த்தால் சோடா மாதிரி குமிழி. பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது, ஓட்டை இருந்தாலும் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால்தான் எங்கே துடைத்துப் பார்த்தும் ஈரமே இல்லை. கடைசியில் சேஸிஸ் கிளாம்புக்கு அடியில் அகப்பட்டது: வளைத்தால் மட்டும் வாய் திறக்கிற வெடிப்பு.

புது ஓஸ், ரெண்டு செம்பு வாஷர், அப்புறம் ஃபில்டர் மேலிருக்கும், காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை பிரைமர் அடித்தேன். பழைய ஓஸ் துண்டு டேஷ்போர்டில் கிடக்கிறது, கேட்பவர்களுக்கு வளைத்துக் காட்ட.