குளிருக்கு மூன்று டப்பா

குன்னூருக்கு நான் வந்தது 2004 ஐப்பசியில். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பனைமரமும் தேரி மணலும் பார்த்து வளர்ந்தவள். வந்த முதல் வாரம் சமையலறையில் எனக்குத் தெரிந்த எதுவும் தெரிந்தபடி நடக்கவில்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகு மாதிரி உறைந்து நின்றது. ராத்திரி கரைத்து மூடிய தோசை மாவு காலையில் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் விரலில் நசுங்கவில்லை. இந்த உயரத்தில், ஏறக்குறைய 1,850 மீட்டரில், தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாத்திரம் தளதளவென்று கொதிக்கும், பருப்புக்கு வேண்டிய சூடு மட்டும் அதில் இருக்காது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குளிர்காலச் சமையலில் பாதி வேலையைக் குளிர் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்டது. மழை பிடித்துக்கொண்டு, மூடுபனி ஜன்னல் கண்ணாடி வரை வந்து நிற்கிற சாயங்காலத்தில் வறுக்கவோ இடிக்கவோ சலிக்கவோ யாருக்கும் கை வராது. அப்போது டப்பாவைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் சூடாக ஒன்று கைக்கு வர வேண்டும். அதனால் புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள், நல்ல வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து மூன்று டப்பாக்களை நிரப்பிவிடுவேன். சுக்குமல்லிப் பொடி, உளுந்தங்களி மாவு, கொள்ளு ரசப்பொடி. மலையில் இருப்பவர்களுக்குத்தான் என்றில்லை. கீழே மார்கழிப் பனியில் தொண்டை கட்டிக்கொண்டு எழுந்திருக்கிறவர்களுக்கும் இந்த மூன்றும் உதவும்.

முதலில் சுக்கு. 50 கிராம் சுக்குக்கு 100 கிராம் கொத்தமல்லி விதை, ஒரு மேசைக்கரண்டி மிளகு, அதே அளவு சீரகம், ஏலக்காய் எட்டு, திப்பிலி ஐந்து. நாட்டு மருந்துக் கடையில் சுக்கு வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சட்டென்று ஒடிய வேண்டும், ஒடித்த இடத்தில் வாசனை மூக்கில் ஏற வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. ஓட்டை விழுந்து மாவு உதிர்ந்தால் பூச்சி தின்றது. இரண்டும் வேண்டாம். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

சுக்கை முழுசாக மிக்ஸியில் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன், பிளேடு வளைந்து ஜாரே வீணானது. இரும்பு உரலில் நாலு இடி இடித்து, கடலை அளவுத் துண்டுகளாக்கிய பிறகு மிக்ஸிக்குப் போகட்டும். மல்லியை மட்டும் சிறு தீயில் வாசனை எழும்பும் வரை வறுங்கள், நிறம் மாற விட வேண்டாம். மற்றவை சட்டிச் சூட்டில் ஒரு புரட்டு புரட்டினால் போதும். ஆறவிட்டுப் பொடித்துச் சலித்தால் சல்லடையில் கொஞ்சம் நார் தங்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். தனியாக எடுத்து வைத்து, டீ போடும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளலாம்.

சுக்கு காபிக்கு ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி. முக்கால் தம்ளராகச் சுண்டும் வரை கொதிக்கட்டும். இனிப்புக்குக் கருப்பட்டி. பால் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கருப்பட்டி போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் பாலை ஊற்றினால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம். பாலைத் தனியாகக் காய்ச்சுங்கள், அடுப்பை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்துக் கலந்துகொள்ளுங்கள். பாலில்லாமல் குடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். கூட ஒரு வர்க்கி, இந்த மலைப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட், இருந்தால் இன்னும் நல்லது. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சுக்கு காபியில் நனைத்துச் சாப்பிடுவது இங்கே வந்து நான் கற்றுக்கொண்ட நல்ல பழக்கங்களில் ஒன்று. அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு நொடி நனைத்தாலே ஊறிவிடும், அதற்குமேல் விட்டால் தம்ளருக்குள் போய்விடும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகையும் திப்பிலியையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. எங்கள் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் உண்டு. பதநீர் இறக்குவது கோடையில். ஆகவே கருப்பட்டியை மே, ஜூன் மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுவது நல்லது. அம்மா இப்போதும் ஓலைக் கொட்டானில் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி, ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். உடைத்துப் பார்த்தால் உள்ளே நிறம் மங்கலாக, கரும்பழுப்பாக இருக்க வேண்டும். வாயில் போட்டால் இனிப்புக்கு அடியில் லேசான கரிப்பு தட்டும். உடைத்த இடம் சீனி மாதிரி மினுக்கினால் நான் வாங்க மாட்டேன். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தால் அந்தச் சூட்டிலேயே காய்ந்து கிடக்கும். எதற்குப் பயன்படுத்தினாலும் கரைத்து வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். மண்ணும் தும்பும் கட்டாயம் இருக்கும்.

இரண்டாவது டப்பா உளுந்தங்களிக்கு. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் இடுப்புக்குப் பலம் என்று களி கிண்டிக் கொடுப்பது எங்கள் பக்க வழக்கம். மற்றபடி அடைமழை நாளில் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பலகாரம். தோலோடு இருக்கும் கறுப்பு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. தனித்தனியாக வறுக்க வேண்டும். உளுந்து கறுப்பாக இருப்பதால் சிவந்ததா என்று கண்ணால் தெரியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். வாசனை கூடத்துக்கு வந்துவிட்டால் இறக்கிவிடலாம். இரண்டையும் சேர்த்து நைசாக அரைத்துச் சலித்து வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது.

கிண்டும் நாளில் ஒரு கப் மாவு, ஒரு கப் தட்டிய கருப்பட்டி, மூன்று கப் தண்ணீர், கால் கப் நல்லெண்ணெய். பாதித் தண்ணீரில் கருப்பட்டியைச் சூடாக்கிக் கரைத்து வடிகட்டுங்கள். மீதிப் பாதி பச்சைத் தண்ணீராகவே இருக்கட்டும், அதில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். கருப்பட்டித் தண்ணீர் ஆறியதும் இரண்டையும் அடிகனமான சட்டியில் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். சூடான தண்ணீரில் மாவைத் தூவினால் அந்த இடத்திலேயே கட்டி விழுந்துவிடும். ஒருமுறை விழுந்த கட்டியை உடைக்கவே முடியாது, உள்ளே வறட்டு மாவாகவே நின்றுவிடும்.

ஆச்சி அடுப்படியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கிண்டச் சொல்வாள். "ஏட்டி, கைய எடுத்தியன்னா அடிபிடிச்சிரும், பாத்துக்கோ" என்பாள். ஐந்து நிமிஷம் வரை ஒன்றும் நடக்காது, சாயத் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அப்புறம் திடீரென்று அடியில் கனம் தட்டும். அந்த நொடி கரண்டியை மாற்றிப் பிடித்து வேகத்தைக் கூட்ட வேண்டும். கெட்டியாகிக் குமிழ் விட ஆரம்பித்ததும் நல்லெண்ணெயை ஒரு கரண்டி விடுங்கள். களி அதைக் குடித்துவிடும். இன்னொரு கரண்டி, அதையும் குடிக்கும். ஒரு கட்டத்தில் குடிப்பதை நிறுத்திவிட்டு ஓரத்தில் எண்ணெயைக் கக்கும். நிறம் கறுத்து மினுமினுவென்று ஆகி, சட்டியை விட்டுச் சுருண்டு வரும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஊரில் பதினைந்து நிமிஷத்தில் முடிந்த வேலை இங்கே இருபதுக்கு மேல் ஆகிறது. அவசரப்பட்டு இறக்கினால் பச்சை உளுந்து வாடை நிற்கும். தட்டில் உருட்டி வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, அதில் நல்லெண்ணெய் ஊற்றி, ஓரத்திலிருந்து பிட்டு எண்ணெயில் தொட்டுச் சாப்பிட வேண்டும். எண்ணெய்க்குப் பதில் நெய் விடுகிறவர்களும் உண்டு. எனக்கு மனம் ஒப்பாது. செக்கில் ஆட்டிய எண்ணெயின் அந்த இலேசான கசப்புதான் கருப்பட்டியின் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கிறது.

மூன்றாவது கொள்ளு. முழுக்கொள்ளை ஊறவைத்துக் குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு ரசம் வைப்பது ருசிதான், ஆனால் நேரம் பிடிக்கும். வறுத்துப் பொடித்து வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு கப் கொள்ளைக் கல் பொறுக்கி, படபடவென்று வெடித்து வாசனை வரும் வரை வறுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மிளகு, இரண்டு மேசைக்கரண்டி சீரகம், ஐந்து காய்ந்த மிளகாய், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், எல்லாம் வறுத்துச் சேர்த்துக் கொஞ்சம் கொரகொரப்பாகப் பொடியுங்கள். சின்ன எலுமிச்சை அளவு புளி கரைத்த தண்ணீரில் ஒரு தக்காளியைப் பிசைந்து விட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, இரண்டு மேசைக்கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஆறேழு நிமிஷம் வேகட்டும். தட்டிய பூண்டு ஐந்து பல் போட்டு நுரை கட்டியதும் இறக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் முடிந்தது. தெளிவைத் தம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். அடியில் நிற்கும் மண்டியைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோசை மாவு எழும்பவில்லை என்று சொன்னேனே, கம்பளி சுற்றி வைப்பது, அடுப்பு ஓரத்தில் வைப்பது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. சில நாள் பொங்கும், சில நாள் இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தாப் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிற நாட்களில் மாவை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை, அடை சுட்டுவிடுவேன். அடைக்குப் புளிக்க வேண்டியதே இல்லை. புழுங்கலரிசி ஒன்றரைக் கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரைக் கப் வீதம், உளுந்து கால் கப், ஆறு மிளகாய். குளிர்ந்த தண்ணீரில் பருப்பு ஊற நாளாகும், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் மூன்று மணி நேரத்தில் ஊறிவிடும். கொரகொரப்பாக அரைத்து, உப்பு, பெருங்காயம், ஒரு பிடி முருங்கைக்கீரை சேர்த்துக் கனமாக வார்த்து, நடுவில் ஓட்டை போட்டு அதிலும் எண்ணெய் விடுங்கள். தொட்டுக்கொள்ள ஒரு துண்டு வெல்லமும் வெண்ணெயும் போதும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு இஞ்சி மரப்பா. கால் கிலோ இளம் இஞ்சியைத் தோல் சீவி அரைத்துப் பிழிந்தால் அரைத் தம்ளருக்கு மேல் சாறு வரும். உடனே அடுப்பில் வைத்துவிடாதீர்கள். பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி ஒன்று படியும். அது வேண்டாம், மேல் தெளிவை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுங்கள். அரைத் தம்ளர் தெளிவுக்கு ஒன்றரைத் தம்ளர் சீனி. கொதித்துக் கெட்டியாகும்போது ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் உருண்டு நிற்க வேண்டும். மலையில் நிமிஷக் கணக்கு சரிப்படாது, பாகைத்தான் பார்க்க வேண்டும். உருண்டதும் ஒரு தேக்கரண்டி நெய் விட்டு அழுத்திக் கிளறுங்கள். பாகு வெளுத்து, ஓரமெல்லாம் பூத்து வரும்போது நெய் தடவிய தட்டில் கொட்டிவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் சட்டியிலேயே மணல் மாதிரி உதிர்ந்துவிடும். சூடு தணிவதற்குள் கத்தியால் கோடு போட்டுவிடுங்கள்.

மூடுபனி இறங்கிய நாளில் மரப்பா செய்ய வேண்டாம். காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் அதில் ஏறி, மறுநாளே பிசுபிசுத்துப்போகும். வெயில் தலைகாட்டுகிற நாளில் செய்து, நன்றாக ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் ஒரு மாதம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தாண்டுவதில்லை. பள்ளிக்கூடம் போகிற நாளெல்லாம் என் மகள் ஸ்வெட்டர் பையில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டு போவாள், பஸ் வளைவுகளில் ஏறும்போது வாயில் அடக்கிக்கொள்ள ஒன்று, பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கு ஒன்று.