படச் சவாலில் சேருகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஒக்டோபர் நெருங்க நெருங்க, சித்திரம் கீறும் பிள்ளைகளின் போன்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கும். 31 சொற்கள், நாளுக்கு ஒன்று. அன்றைய சொல்லைப் பிடித்துக்கொண்டு மையில் ஒரு படம் கீற வேண்டும். இங்க்டோபர் என்ற இந்தச் சவாலை 2009இல் தொடங்கியவர் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர். மை வேலையில் தன் கை தேற வேண்டும், ஒழுங்காகக் கீறும் பழக்கம் வர வேண்டும் என்று தனக்கென்று தொடங்கிய காரியம் அது. இன்று உலகெங்கும் கீறுகிறார்கள், திருகோணமலையிலும் கீறுகிறோம். மே மாதத்தில் கடற்கன்னிகளுக்கென்று மெர்மே வருகிறது. நவம்பரில் நாளுக்கொரு நிறமாக ஹியூவெம்பர் வருகிறது. ஒரே கிழமையில் 100 மனிதர்களைக் கீறும் சவாலும் உண்டு.

பல வருடங்களாக நானும் கீறி, என்னிடம் பழக வரும் பிள்ளைகள் கீறுவதையும் பார்த்து வருகிறேன். ஓவியக் கல்லூரியும் கண்காட்சிக்கூடமும் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு இவ்வளவு மலிவான நல்ல பயிற்சி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆசையோடு தொடங்கியவர்கள் முதற் கிழமையிலேயே விட்டுவிடுவதையும், மாதம் முழுக்கக் கீறியவர்கள் கூடத் தொடங்கிய இடத்திலேயே நிற்பதையும் பார்க்கத்தான் மனம் பொறுப்பதில்லை. காரணங்களைத் தேடிப்போனால் திரும்பத் திரும்ப அதே சில தவறுகளில்தான் வந்து நிற்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரியது, சொல்லைப் படித்ததும் மனதில் வந்த முதல் படத்தையே கீறிவிடுவது. அந்த முதல் படம் அநேகமாக உங்களுடையது அல்ல. கார்ட்டூனிலோ பாடப்புத்தகத்திலோ போனிலோ யாரோ கீறியதைப் பார்த்து மனதில் தங்கியது. 'கோட்டை' என்று சொன்னால் பிள்ளைகள் கூம்புக் கூரையும் அதன்மேல் கொடியும் கீறுகிறார்கள். அப்படியொரு கோட்டையை அவர்கள் யாரும் நேரில் கண்டதில்லை. ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு நிஜக் கோட்டைக்குள்ளால்தான் நடந்து போகிறார்கள். போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அதன் கற்களையும் எடுத்துக் கட்டியது. 1639இல் ஒல்லாந்தரிடம் போய், 1795இல் ஆங்கிலேயரிடம் வந்து, 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. அதற்குக் கூம்பு கிடையாது. தடித்த மதில், குறுகலான வாசல், உள்ளே மர நிழல், அந்த நிழலில் மான்கள். கோயில் கல் கோட்டைச் சுவராகி, அந்தச் சுவரைக் கடந்து சனம் மறுபடி கோயிலுக்குப் போகிறது என்பதை ஒரு பிள்ளை கீறிக் கொண்டுவந்தால், கூம்புக் கோட்டைப் படங்கள் ஆயிரத்துக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும்.

மான் என்றதும் இன்னொன்று. ஒருமுறை அன்றைய சொல் 'கொம்பு'. ஒரு பிள்ளை மிக நேர்த்தியாக, கிளை கிளையாகப் பிரிந்து விரிந்த கொம்போடு ஒரு மான்தலை கீறி வந்தாள்.

"இது எங்க பாத்த மான்?"

"எங்கட மான்தான் மிஸ். கோட்டைக்க நிக்கிறது."

கோட்டைக்குள் நிற்பது புள்ளிமான். அதன் கொம்புக்குப் பொதுவாக ஒரு பக்கத்தில் மூன்று முனைதான். நெற்றிக்குக் கிட்ட ஒரு முனை முன்னோக்கிப் பிரியும். மற்றத் தண்டு பின்னால் சாய்ந்து, பிறகு வளைந்து மேலெழுந்து, உச்சியில் இரண்டாகப் பிளக்கும். அவள் கீறியிருந்தது நத்தார் வாழ்த்து அட்டையில் வண்டி இழுக்கும் பனிமானின் கொம்பு. அடுத்த நாள் கொப்பியோடு அவளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கொம்போடு சேர்த்து வேறு பலதும் கண்ணில் பட்டன. முதுகின் நடுவே கறுப்புக் கோடு ஓடுகிறது. அதன் பக்கத்துப் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை, வரிசை கட்டி நிற்கின்றன. தொண்டையில் வெள்ளைத் திட்டு. பின்னங்காலில் முழங்கால் பின்பக்கம் மடிந்ததுபோலத் தெரியும் மூட்டு உண்மையில் குதிகால். மான் விரல் நுனியில் நடக்கிறது, அதன் முழங்கால் வயிற்றோடு ஒட்டி மேலே இருக்கிறது. இது பிடிபட்டதும் அவள் கீறிய மான்கள் நிற்கத் தொடங்கின. அதுவரை கதிரைக்கால் பூட்டியதுபோல இருந்தவை. ஒரு சொல் அவளை வீட்டிலிருந்து கோட்டை வரை கொண்டுவந்து, பார்த்துப் பழகிய மிருகத்தை முதல்முறை சரியாகப் பார்க்க வைத்தது. சவாலின் பலன் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே சொல் கிடைத்ததும் பேனையைப் படத்துக்குக் கொண்டுபோகாமல், அந்தச் சொல்லுக்கு ஞாபகம் வருவதையெல்லாம் ஓரத்தில் எழுதுங்கள். பத்தாவது வரட்டும். முதல் மூன்றும் எல்லோருக்கும் வருவது, வெட்டிவிடுங்கள். ஐந்தாறுக்குப் பிறகு வருவதில் உங்கள் வீடு, உங்கள் தெரு, உங்கள் அம்மம்மா எல்லாம் தலைகாட்டத் தொடங்கும். 'கொதி' என்ற சொல்லுக்கு முதலில் கேத்தல் வரும். ஏழாவதாகக் கன்னியா வரும். ஏழு வெந்நீர்க் கிணறுகளும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடும், வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது முகம் சுருங்குவதும்.

பட்டியல்கள் பெரும்பாலும் வேறு நாட்டுக் காலநிலையில் இருந்துகொண்டு போடப்படுபவை. பனி, இலையுதிர்காலம், பூசணிக்காயில் வெட்டிய முகம் என்று வரும். வராத பனியைப் போன் பார்த்துக் கீறுவதில் நாள் வீணாகிறது. இங்க்டோபரிலேயே அந்தப் பட்டியலைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொருந்தாத சொல்லை மாற்றுங்கள், அல்லது சொந்தப் பட்டியல் போடுங்கள். மெர்மே மாதத்தில் மேற்கத்திய கடற்கன்னியின் செம்பட்டை முடியை நகல் எடுக்க என்ன அவசியம்? பக்கத்து மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கடலோடு கலக்கிறது. அந்தக் கலங்கல் தண்ணீரில் எழும்பும் கடற்கன்னி எப்படி இருப்பாள் என்று நீங்கள் கீறினால்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த தவறு அளவு. முதல் நாள் உற்சாகத்தில் ஏ4 தாள் முழுக்க, பின்னணியோடு, குறுக்குக்கோட்டு நிழலோடு நான்கு மணித்தியாலம் கீறுவார்கள். அந்த அளவை ஒரு மாதம் தாங்க முடியாது. பள்ளிக்கூடம், டியூசன், வேலை எல்லாம் இருக்கிறது. தபாலட்டை அளவில் ஒரு பெட்டி கீறி, அதற்குள் அரை மணித்தியாலத்தில் முடிக்கப் பாருங்கள். சின்னப் பெட்டி எதை விடலாம் என்று யோசிக்க வைக்கும். பெரிய தாளில் அந்த யோசனை வராது.

100 மனிதர் சவாலில் இந்தத் தவறு இன்னும் மோசமாகிறது. கண், மூக்கு, சட்டைப் பொத்தான் என்று தொடங்கினால் ஒரு நாளைக்கு மூன்று பேர்கூட முடியாது. கரைவலை இழுக்கும் காலத்தில் உப்புவெளிப் பக்கம் போய் ஒதுங்கி நின்று பாருங்கள். கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் பின்னால் சாய்ந்திருப்பார்கள். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே சாய்கோடு. குதிகால் மணலுக்குள் புதைந்திருக்கும், கை நீண்டிருக்கும், பாரம் முழுக்கக் கயிற்றில். முதலில் அந்தச் சாய்கோடு, பிறகு தோளுக்கும் இடுப்புக்கும் ஒவ்வொரு குறுக்குக்கோடு, பிறகு கால்கள். முப்பது விநாடிக்கு மேல் வேண்டாம். ஒருவர் நகர்ந்தாலும் பின்னால் வருபவர் அதே நிலைக்கு வருவார் என்பதால் விட்ட இடத்தைப் பிடிக்கலாம். முகம் கீறவே வேண்டாம். முகமில்லாமலே அது வலை இழுக்கும் ஆள் என்று தெரிந்தால் படம் சரி.

மை, தாள் விஷயத்தில் இந்த ஊருக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. ஒக்டோபர், நவம்பரில் எங்களுக்கு மழை இறங்குகிறது. காற்றில் ஈரம் ஏற, தாள் அதைக் குடித்துவிடும். அதில் மை வைத்தால் கோட்டோரம் மயிர் மயிராகப் பரவும், காயவும் நேரமெடுக்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்து அழிறப்பரைப் போட்டால் முழுப் பக்கமும் கறுப்பாகும். மழைக்காலத்தில் பென்சில் கோட்டை அழிப்பதை அடுத்த நாளுக்கு விடுங்கள். கொப்பியை மூடி இறுகிய பிஸ்கட் தகரத்தில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளோடு வையுங்கள். மாறாக, மெர்மே வரும்போது வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிடும். நீர்வர்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து, வானத்தில் திட்டுத்திட்டாக விளிம்பு கட்டும். தாளை முதலில் தண்ணீரால் நனைத்து, பெரிய தூரிகையால் ஒரே மூச்சில் பூச வேண்டிய காலம் அது.

பேனைக்காக அதிகம் செலவழிக்காதீர்கள். கோட்டுக்கு மேல் நீர்வர்ணம் பூசப் போகிறீர்கள் என்றால் மட்டும் தண்ணீரில் கரையாத மை வேண்டும். பிக்மா மைக்ரான் போன்ற நிறமி மைப் பேனை ஒன்று போதும். 05 என்று போட்டிருப்பது 0.45 மில்லிமீற்றர் கோடு கீறும், தபாலட்டை அளவுக்கு நல்ல தடிப்பு. கடையில் போத்தலில் விற்கும் இந்தியன் இங்க்கை ஊற்றுப் பேனைக்குள் விடாதீர்கள். அதிலுள்ள அரக்கு உள்ளே காய்ந்து பேனையை அடைத்துவிடும். அது தொட்டுக் கீறும் நிப்புக்கும் தூரிகைக்கும் உரியது. போட்டோக்கொப்பித் தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம்தான், மெல்லியது. கோட்டுக்குச் சரி, தண்ணீர் பட்டால் சுருளும். அதில் நீர்வர்ணம் பூசிவிட்டு "எனக்கு வர்ணம் சரிவராது" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. குறை தாளில்தான்.

இடையில் மூன்று நாள் விட்டுப்போனால் நாலாம் நாள் நான்கையும் சேர்த்துக் கீற உட்காருவார்கள். ஒன்றும் உருப்படியாக வராது, அத்தோடு கொப்பி மூடப்படும். விட்டதை விட்டுவிட்டு அன்றைய சொல்லுக்குப் போங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், கிழமைக்கு ஒன்று என்று கீறவும் இங்க்டோபரில் இடமிருக்கிறது. அதுவும் முழுப் பங்களிப்புத்தான். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் கிழமைக்கு ஒன்றைத்தான் சொல்கிறேன்.

படங்களை இணையத்தில் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்கு வந்ததும் கை மாறுகிறது. எந்தப் படத்துக்கு விருப்பம் கூடியதோ அதையே அடுத்த நாளும் கீறத் தோன்றும். மாதம் முடியும்வரை ஒன்றும் போடாமல் கொப்பிக்குள் வைத்திருக்க முடிந்தவர்கள் அப்படிச் செய்யுங்கள். போடுவதென்றால் இரவில் மின்குமிழின் கீழ் படம் எடுக்காதீர்கள். காலையில் ஜன்னலோரம், வெயில் நேரே படாத இடம். பிறருடைய படத்தை உங்கள் பாணியில் கீறும் சவாலானால், மூலப் படம் யாருடையது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அதை விடுவது களவு. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

நேரில் பார்த்துக் கீறுவதையே கொள்கையாக வைத்து, 2007இல் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் சியாட்டிலில் தொடங்கியது அர்பன் ஸ்கெட்சர்ஸ். அந்த வழியில் வெளியே போகும் ஆசை இங்கும் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது, நல்லது. ஆனால் இது துறைமுக நகரம். கடற்படைத் தளம், இராணுவ முகாம், சோதனைச் சாவடி ஆகியவற்றின் முன்னால் கொப்பியை விரிக்க வேண்டாம். கோட்டைக்குள்ளும் இராணுவம் இருக்கிறது. கோயில் வீதி, மான்கள், கடல் பக்கம் என்று நின்றுகொள்ளுங்கள். யாராவது கேட்டால் பக்கங்களைத் திருப்பிக் காட்டுங்கள். கோயிலுக்குள் ஐயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மீன் சந்தையில் ஆட்களைக் கீறினால் முடித்ததும் அவர்களுக்குக் காட்டுங்கள், "அண்ணை, இது நீங்கதான்" என்று. அடுத்த முறை அவர்களே இடம் ஒதுக்கித் தருவார்கள்.

எந்தச் சவாலில் சேருவது என்பதிலும் ஆட்கள் கூட்டத்தோடு போகிறார்கள். உங்களுக்கு எது வரவில்லையோ அதற்குச் சேருங்கள். கோடு நடுங்கினால் இங்க்டோபர். அழிக்க முடியாத மை, கையை முடிவெடுக்கப் பழக்கும். உருவங்கள் மரம்போல் விறைத்து நின்றால் 100 மனிதர். எல்லா வானத்தையும் ஒரே நீலத்தில் பூசுகிறவர்களுக்கு ஹியூவெம்பர். உள்துறைமுகத்தில் அந்தி மாறும்போது தண்ணீரில் எத்தனை நிறம் வருகிறது என்பதை நாளுக்கொன்றாகக் கலந்து பார்க்க ஒரு மாதம் போதாது. இரண்டு சவாலில் ஒரே நேரத்தில் சேர வேண்டாம்.

மாதம் முடிந்ததும் கொப்பியை அலமாரியில் வைத்துவிடுவது கடைசித் தவறு. பக்கங்களை நிலத்தில் வரிசையாகப் பரப்பி, எழும்பி நின்று பாருங்கள். போன் பார்த்துக் கீறியவை ஒரு பக்கம், நேரில் பார்த்துக் கீறியவை மறுபக்கம். எதில் கோடு தயங்கியிருக்கிறது என்று அப்போதே தெரியும். தயங்கிய பக்கங்களில் ஒரு மூன்றைப் பொறுக்கி, அதே சொல்லுக்கு வேறு படம் கீறத் தொடங்குங்கள். அதற்குப் பட்டியலும் வேண்டாம், ஒக்டோபரும் வேண்டாம்.